கேள்வி கேட்காதே என்று எழுதியவள்

ஜனவரி 8, வியாழன்

விடியற்காலையிலிருந்து மழை. பஸ் இருபது நிமிடம் தாமதம். குடையில் ஒரு கம்பி போயிற்று.

இன்று ஒரே வேலை. எங்களுக்குக் கணினிக் கோட் எழுதித் தரும் ஏஐக்குப் பொறுப்புக் குறிப்பு எழுதுவது. ஒன்றையே மூன்று ஆளாகப் பிரித்தேன்.

எழுதுபவர்: புதுக் கோட் எழுத, பழையதைச் சீராக்க.
சோதிப்பவர்: எழுதியது ஓடுகிறதா என்று பார்க்க.
மேற்பார்வை: இரண்டையும் படித்துப் பிழை சொல்ல.

ஆளுக்கு ஒரு பக்கம். நீ யார், என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது. வேலைக்குப் புதிதாக வந்தவருக்குச் சொல்வது போலத்தான்.

எல்லாம் மண்சரிவு எச்சரிக்கைக்காக. ஒரு சிறு தொண்டு அமைப்புக்குச் செய்து கொடுத்தது. ஒவ்வொரு தேயிலைத் தோட்டத்திலும் கிராமத்திலும் ஒருவர் மழைமானி பார்த்து அளவை அனுப்புவார். அளவு மிஞ்சினால் சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் மெசேஜ் போகும். என்னோடு வேலை செய்யும் யோகாவின் வீடு இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில். அவர்கள் லயனில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், மழைமானி பார்ப்பது அவள் அப்பா.

பகலில் ஏஐ பழைய கோட்டைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்டது. முதலாளி பாரூக் நானா பின்னால் நின்று பார்த்தார்.

"என்ன இது, சும்மா சும்மா கேட்டுக்கிட்டே இருக்குது. நாளைக்கு ஏத்தணும். கேக்காமச் செய்யச் சொல்லுங்க ரிஸ்னா."

எழுதுபவர் குறிப்பில் சேர்த்தேன்: கேள்வி கேட்காதே. ஒரே வேலையை இரண்டு இடத்தில் செய்யும் கோட் இருந்தால் ஒன்றை நீக்கு. முடித்துவிட்டுச் சொல்.

யோகா எட்டிப் பார்த்தாள். "வந்த புதுசுல நான் எத்தன கேள்வி கேட்டேன் அக்கா. கேக்காதன்னு நீங்க ஒரு நாளும் சொல்லலயே."

"நீ மனுஷி."

அவள் தன் மேசைக்குத் திரும்பினாள்.

ஜனவரி 9, வெள்ளி

மழை. வேலை பறந்தது. மூன்று நாள் வேலை பத்து மணிக்குள்.

சோதிப்பவர்: எல்லாம் சரி. மேற்பார்வை: சரி. செய்த மாற்றங்களின் பட்டியல் மட்டும் நீளம். முதல் பக்கம் படித்தேன். மீதியை உருட்டிக்கொண்டே போனேன். ஜும்ஆத் தொழுகைக்குப் போகுமுன் முடித்துவிடச் சொன்னார் நானா. 12.05க்குப் புதுக் கோட்டைச் சர்வரில் ஏற்றினேன்.

மகளுக்குப் பள்ளிச் சப்பாத்து, அளவு 3. உம்மாவுக்கு இருமல். கொத்தமல்லி வாங்க மறந்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. நடந்ததை வரிசையாக வைக்கிறேன்.

பகல் இரண்டரைக்கு யோகா வீட்டிலிருந்து எனக்குப் போன் எடுத்தாள். பின்னால் மழைச் சத்தம்.

"அக்கா, கீழ கிராமத்துக்கு மெசேஜ் வந்திருக்கு, சிங்களத்துல. எங்க லயன்ல ஒருத்தருக்கும் வரல. அப்பா அளவு அனுப்பி முக்கா மணியாச்சு."

கம்ப்யூட்டரைத் திறந்தேன். மெசேஜ் அனுப்ப இரண்டு பகுதிகள் இருந்தன. சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று. வரிக்கு வரி ஒரே மாதிரி. மொழியும் நம்பர் பட்டியலும்தான் வேறு. இப்போது ஒன்றுதான் இருந்தது. தமிழ் இல்லை.

வெள்ளிக்கிழமைப் பட்டியலில் தேடினேன். நான் உருட்டிப் போன பக்கத்தில், தெளிவாக: "ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பகுதிகள். ஒன்றை நீக்கினேன்." வியாழன் கேட்ட ஒன்பது கேள்விகளில் ஐந்தாவது: இவை இரண்டும் ஏன் தனித்தனியாக இருக்கின்றன? நான் பதில் சொல்லவில்லை. சோதிப்பவர் பார்த்தது மெசேஜ் போகிறதா என்று மட்டும். போனது.

பழைய கோட்டைத் திரும்பப் போட்டேன். தமிழ் மெசேஜ் 3.10க்குப் போனது.

கடைசி லயனுக்குப் பின்னால் மண் இறங்கியது மூன்று மணிக்கு முன்பே. இரண்டு வீடுகள் நிறைய மண். உள்ளே யாரும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ். மெசேஜ் வராததால் யோகாவின் அப்பா கதவு கதவாகத் தட்டி எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார். கடைசி வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்போது படியில் வழுக்கி, வலது கால் முறிவு. குழந்தைக்கு ஒன்றுமில்லை.

அஸர் தொழுகைக்கு நின்றேன். என்ன ஓதினேன் என்று நினைவில்லை.

ஜனவரி 12, திங்கள்

ஆஸ்பத்திரி. பார்வை நேரம் பன்னிரண்டிலிருந்து ஒன்று. யோகா கட்டில் ஓரத்தில். "எங்க ஆபீஸ் ரிஸ்னா அக்கா" என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நின்றபடியே சொன்னேன். "ஐயா, அந்த மெசேஜ் வராததுக்குக் காரணம் நான்தான்."

"மெஷின்ல ஏதோ கோளாறுன்னு புள்ள சொல்லிச்சுங்க."

"மெஷினுக்கு இப்படிச் செய்யுன்னு எழுதிக் குடுத்தது நான். அது செஞ்சத முழுசாப் படிக்காம விட்டதும் நான்."

அவர் மாவுக்கட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"காலு கெடக்கட்டுங்க. நான் தட்டினப்ப ரெண்டு வீட்ல வெளிய வர மாட்டேன்னுட்டாங்க. 'மெசேஜ் வரலயே, ஆபத்துன்னா நமக்கும் வந்திருக்கும்ல'ன்னு. முன்னயெல்லாம் நான் வந்து சொன்னாப் போதும், எந்திரிச்சு வந்துருவாங்க. நேத்து சத்தம் போட்டு, கையப் புடிச்சு இழுத்துத்தான் கொண்டு வந்தேன்." நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மண்ணு விழுந்தது அந்த ரெண்டு வீட்லதான்."

கொண்டுபோன தோடம்பழப் பையைக் கட்டிலடியில் வைத்தேன்.

யோகா வாசல் வரை வந்தாள். "இப்ப ஒண்ணும் பேச வேணாம் அக்கா."

ஜனவரி 13, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. அமைப்புக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்.

நானா: "தொழில்நுட்பக் கோளாறுன்னு போட்டு அனுப்புங்க."

"கோளாறு இல்ல நானா. சொன்னதத்தான் அது செஞ்சிச்சு."

"அப்ப என்ன எழுதப் போறீங்க?"

"என் பேர."

ஜன்னல் பக்கம் போய் நின்றார். கீழே கடைக்காரர்கள் ஈரச் சாக்குகளை வெயிலுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பாமலே சொன்னார்: "கேக்க வேணாம்னு சொன்னது நான். என்ட பேரையும் போடுங்க."

இரண்டு பெயரும் போட்டு அனுப்பினேன். வேலை போகலாம். ஒப்பந்தமே போகலாம்.

குறிப்புகளைத் திரும்ப எழுதினேன்.

எழுதுபவர்: காரணம் தெரியாத எதையும் நீக்காதே. கேள். பதில் வரும்வரை நில்.
ஒரே மாதிரி தெரியும் இரண்டு பகுதிகள் வெவ்வேறு ஆட்களுக்காக இருக்கலாம்.
சோதிப்பவர்: ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு பட்டியலுக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்.
மேற்பார்வை: நீக்கியவற்றை முதலில் சொல். மனிதர் ஒருவர் கையெழுத்திடாமல் எதுவும் ஏறக் கூடாது.

யோகாவுக்கு அனுப்பினேன். சாயங்காலம் பதில். கோபம் குறைந்ததா தெரியவில்லை, ஆனால் படித்திருக்கிறாள். "'இருக்கலாம்'னு எழுதாதீங்க. எந்தெந்த லயன்ல யார் இருக்காங்க, என்ன மொழி வாசிப்பாங்கன்னு அதுக்குச் சொல்லுங்க. அதுக்கு எப்படித் தெரியும்."

அவளே பெயர்களை எழுதி அனுப்பினாள். சேர்த்தேன்.

ஜனவரி 17, சனி

யோகாவுடன் தோட்டத்துக்கு. பஸ்ஸில் தனக்கு வாங்கிய கடலையில் பாதியை என் கையில் கொட்டினாள்.

மண் விழுந்த லயன்காரர்கள் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான். பொங்கலும் அங்கேயே முற்றத்தில் பொங்கினார்களாம். வகுப்பறையில் நின்று நடந்ததைச் சொன்னேன். மெசேஜ் வராவிட்டாலும் ஆள் வந்து சொன்னால் உடனே வெளியே வந்துவிடச் சொன்னேன். ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதினொன்றுக்குச் சோதனை மெசேஜ். போன்கள் ஒவ்வொன்றாக அடித்தன. நான்கு அடிக்கவில்லை. இரண்டு பேர் சிம் மாற்றியிருந்தார்கள். ஒருவர் நம்பரில் ஓர் இலக்கம் பிழை. ஒன்று மண்ணுக்குள். முதல் மூன்றையும் அங்கேயே திருத்தினேன். போன் இழந்தவருக்கு யார் போய்ச் சொல்வது என்று பக்கத்து வீட்டாரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

போன் இழந்தவர் செல்வராணி. கதவைத் திறக்க மாட்டேன் என்றவர்களில் ஒருவர். நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த லிஸ்ட்ல ஒங்க நம்பர் இருக்கா, மிஸ்?"

"இல்ல."

"போடுங்க. எங்களுக்கு வர்றப்ப ஒங்களுக்கும் வரட்டும்."

போட்டேன். மறுபடி அனுப்பினேன். வகுப்பறை முழுக்க அடித்தது. என் கையிலும்.