பாவு பிடிக்க வராத தெரு

காலையில் காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். கஞ்சி வாசனை அடித்தது. எதிர்வீட்டுப் பெரியவர் தறிக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவு நீட்டியிருக்கிறார். காபி இறங்கவில்லை, குமட்டியது. உன்னிடம் பேசவேண்டும்போல் இருந்தது. நீ போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பிவிட்டது என்பது பேனாவை எடுத்த பிறகுதான் உறைத்தது. எட்டாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் வழக்கம்போல் சிரித்துக்கொள்.

புடவையின் கரையையும் உடலையும் கோத்து நெய்ய ஒரு தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். நீ வலப்பக்கம், தாமோதரன் இடப்பக்கம். "இன்னா பெருசு, தூக்கமா?" என்பான் அவன். "கரையப் பாரு, என் மூஞ்சியப் பாக்காத" என்பாய் நீ. உங்கள் சங்கதி எனக்குப் புரிய ஒரு மழைக்காலம் ஆயிற்று, நான் மந்தம். என் மனைவி நீங்கள் சேர்ந்து தறி போட்ட முதல் வாரமே சொல்லிவிட்டாள்: "அதுங்க ரெண்டும் நம்மள மாதிரிதாங்க. சண்ட மட்டும் கம்மி."

தெருவுக்கும் தெரிந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் டீக்கடையில் காறித் துப்பிவிட்டுச் சொன்னார்: "ஆம்பளையும் ஆம்பளையும் குடித்தனம் பண்ணிக்கினு இருக்கானுங்க. அவனுங்க தொட்ட நூல நாம தொடறதா? ஒருத்தனுக்காவது பொண்ணப் பாத்துக் கட்டட்டும், அப்பால பாக்கலாம்."

வெயில் ஏறுவதற்குள் கஞ்சி தடவி இழை பிரிக்கவேண்டும். அதற்குத் தெருவே கைகொடுப்பதுதான் நம் வழக்கம். அதன் பிறகு நீங்கள் பாவு நீட்டிய அன்று ஒருவரும் வரவில்லை. கதவிடுக்கில் கண்கள் மட்டும். "கஞ்சி காச்சின புதுப்பொண்ணு யாருபா?" என்று ஒரு குரல், தெரு முழுக்கச் சிரிப்பு. நானும் மனைவியும் வந்து பிடித்தோம். என் கை பட்ட இடத்திலெல்லாம் சிக்கு கூடியது. "அண்ணே, நீ சும்மா நில்லு, புண்ணியமாப் போவும்" என்றாய். வெயில் ஏறியது. பட்டு கயிறாக ஒட்டிக்கொண்டது.

இழை பிரித்துக்கொண்டே தாமோதரன் தலைதூக்காமல் சொன்னான்: "நான் கட்டிக்கிறேன்பா. நீயாவது பொழச்சிக்கோ."  ஒட்டிய இழையை இழுத்துக்கொண்டே இருந்தாய், அறுந்துபோகும்வரை.

அவன் ஆரணிக்கு மாப்பிள்ளையாகப் போனான். உன் அடுத்த பாவுக்கு முதல் ஆளாகப் பெரியவர் வந்து, பல்லைக் காட்டிக்கொண்டு பிடித்தார். நீங்கள் இருவரும் கடைசியாக நெய்த அரக்குப் புடவைதான் அவர் மகளுக்கு முகூர்த்தப் புடவை. "கரை சேத்த எடமே தெரியல பாருங்க!" என்று அவர் மனைவி தடவித் தடவிக் காட்டினாள். நான் இலையிலிருந்து எழுந்துவிட்டேன். பாயசம் வருவதற்கு முன் நான் எழுந்த கல்யாணம் அது ஒன்றுதான்.

உன்னைத் தூக்கிய அன்று அவர் எல்லாரிடமும் சொன்னார்: "பாவம், தனிக்கட்ட."  உன்னைத் தனிக்கட்டை ஆக்கியது யார்?

அப்போதிருந்து அவர் பாவு நீட்டினால் எனக்கு இடுப்புவலி. இதோ, வாசலில் நின்று கூப்பிடுகிறார்: "இன்னாபா, இன்னிக்கும் இடுப்பா? கஞ்சி காயுது, வா."

எழுந்து போனேன். "இடுப்பு நல்லாத்தான் இருக்குது, பெரியவரே. அவங்க ரெண்டு பேரு நூலத் தொட்ட கை இது. உங்க நூலுக்கு ஆவாது" என்றேன். தெருவில் எல்லாரும் கேட்டார்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். காபி ஆறிப்போயிருந்தது. இறங்கிவிட்டது.