உனக்கு மட்டும் என்று எழுதிய தாள்

மார்ச் 3

என் அருமை வாலு,

மேலே உள்ள தாளை வழக்கம்போல் வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டு. உள்ளே மடித்து வைத்த இந்தத் தாள் உனக்கு மட்டும். படித்ததும் கிழித்துப்போடு.

மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னோடு லென்ஸ் தேய்க்கிறவரைப் பற்றி எழுதியிருந்தேனே, அவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன். சிரிக்காதே, கழுதை! மே மாதம் அவருக்கு வேலை நிரந்தரமாகும். அதுவரை வீட்டில் மூச்சு விடாதே. பிறகு நானே வந்து அப்பாவிடம் சொல்கிறேன். உன்னிடமும் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

உன் கல்லூரி வகுப்புக்காரி எப்படி இருக்கிறாள்? நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆசையுடன்,
அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்கா,

அப்பா உன் கடைக்கு வந்து கத்தியதை அம்மா சொன்னாள். நான்தான் காரணம்.

நானும் என் வகுப்புக்காரியும் பஸ் நிறுத்தத்தில் நின்றதை அப்பா பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைக் கழற்றினார். “உங்க அக்காவைப் பாருடா, எவ்வளவு ஒழுங்கா இருக்கா!” என்றார். எனக்கு என்ன வந்ததோ, “அவ மட்டும் ரொம்ப ஒழுங்கோ?” என்று அந்தத் தாளை எடுத்து நீட்டிவிட்டேன். நீ கிழிக்கச் சொன்ன எதையும் நான் கிழித்ததே இல்லை அக்கா. எல்லாம் பத்திரமாக வைத்திருந்தேன்.

திட்டியாவது ஒரு வரி எழுது.

தம்பி


ஏப்ரல் 14

தம்பிக்கு,

உனக்கு எழுதியதை அப்பா கடைக்குள் நின்று உரக்கப் படித்தார். மண்டை வெடிக்கும் என்ற வரிக்கு, கண் பரிசோதனைக்கு வந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். “குடும்பச் சண்டையெல்லாம் இங்க வேணாம்பா” என்று முதலாளி, நான் கட்டிக்கொள்ளப் போகிறவரை அன்றே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். வேலை போன அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிகிறது.

போகும்போது அப்பா கேட்டார், “தம்பியோட நின்ன பொண்ணு யார் வீட்டுப் பொண்ணுன்னு உனக்குத் தெரியுமா?” என்று. தெரியாது என்றேன். அந்த நேரத்திலும் உன்னைக் காப்பாற்றத்தான் வாய் வந்தது, பார்.

அடிக்குப் பயந்தாய், சரி. அடி ஒரு நாளில் ஆறியிருக்கும்டா.

வியாழக்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறோம். என் பக்கத்துச் சாட்சியாக உன் பெயரைத்தான் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, நான் தங்கியிருக்கும் விடுதியின் சமையல்காரம்மா பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீ வராதே. உன் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன், அப்படியே மன்னித்தும்விடுவேன். எனக்கு மன்னிக்க இஷ்டமில்லை.

இப்படிக்கு,
அக்கா