நான் கட்டிய கருகமணி

1931 ஏப்ரல் 2

நாள் முழுக்க மழை, துணி ஒன்றும் காயவில்லை. மத்தியானம் சோற்றுக்கு வந்த என் வீட்டுக்காரர் - ஊருக்குக் கமாலுதீன் சாயபு - மீன்குழம்பை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே சொன்னார், நிபோங் திபால் ஊரில் தனக்கு ஒரு பெண் பார்த்திருக்கிறாராம். பெயர் சபூரா. மகள் ரோஹானாவுக்குப் பிறகு எனக்குப் பிள்ளை இல்லை, சூலியா தெருத் துணிக்கடையை நாளைக்கு எந்த மகன் பார்ப்பான் என்று கேட்டார்.

இத்தனை வருஷக் குடித்தனத்துக்குக் கை கழுவுகிற நேரம் போதுமாக இருந்திருக்கிறது.

ஏப்ரல் 3

எழுத ஒன்றும் இல்லை. அடுப்பு மூட்டினேன்.

ஏப்ரல் 9

இப்போது இன்னொன்றும் கேட்கிறார். நிக்காஹ் முடிந்ததும் பெண்ணின் கழுத்தில் கருகமணி கட்ட மாப்பிள்ளையின் தாயோ உடன்பிறந்தவளோ வேண்டும். அவரைப் பெற்ற என் மாமி மௌத்தாகிவிட்டார். நாத்தனார் நாகூரில் இருக்கிறாள், கப்பலேறி வரமாட்டாள். ஆக, இந்த ஊரில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் என்று இருப்பது நான் ஒருத்திதான்.

"நீ கட்டுனா ஊர் வாயை மூடிக்கும், நூர்ஜான்."

ஊர் வாயை மூட என் கைதான் கிடைத்ததா?

ஏப்ரல் 14

கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ரோஹானாவை ஒருநாளும் இன்னொருத்திக்கு மேல் இரண்டாவதாகக் கட்டிக்கொடுக்கக் கூடாது என்றேன். அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. நாளைக்கே யாராவது பெண் கேட்டு வந்து நிற்பார்கள். உடனே சரி என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இங்கே சூலியா தெருவில் இருக்கிற நாகூர் தர்காவுக்குக் கூட்டிப்போய் அங்கே நின்று சொல்லவைத்தேன். "ஆண்டவர் சாட்சியா கொடுக்க மாட்டேன், போதுமா?" என்றார்.

போதும். அவள் தப்பித்தால் எனக்குப் போதும்.

மே 17

கட்டினேன்.

சபூராவுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். கழுத்தெல்லாம் வியர்வை. நான் என்னவோ அவளைப் பெற்றவள் மாதிரி, பிடரி மயிரை ஒதுக்கிக் கொடுத்துத் தலைகுனிந்து உட்கார்ந்தாள். நான் முடிச்சை இறுக்கவில்லை. ஒரே சுற்றுப் போட்டு விட்டுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. இன்றைக்கு நான் எனக்காகச் செய்துகொண்டது அது ஒன்றுதான்.

சுற்றியிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்ன பொறுமை, என்ன பொறுமை என்றார்கள். பொறுமையாம்.

ரோஹானா சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பாயை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மே 29

சபூரா மாடியிலிருந்து அழுதுகொண்டே இறங்கி வந்தாள். குளிக்கும்போது கருகமணி அவிழ்ந்து விழுந்துவிட்டதாம். சகுனம் சரியில்லை என்று பயந்து, அவர் கண்ணில் படுவதற்குள் கைக்குள் பொத்தி என்னிடம் எடுத்து வந்திருக்கிறாள்.

"நீங்களே கட்டிவிடுங்க லாத்தா. உங்க கைதான் ராசி."

உடன்பிறந்த அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி லாத்தா என்கிறாள். இந்தத் தடவை இறுக்கிக் கட்டினேன். பாவி மகள், நிம்மதியாக வெறுக்கக்கூட விடமாட்டேன் என்கிறாள்.

1932 நவம்பர் 20

சபூராவுக்குப் பெண் குழந்தை. அவர் முறை தவறாத மனிதர் - ஒரு நாள் கீழே என்னோடு, மறுநாள் மேலே அவளோடு. இன்று மேலே போகவேண்டிய நாள். கீழே வந்து படுத்துக்கொண்டார். கஞ்சியை நான்தான் மாடிக்கு எடுத்துப்போனேன். குழந்தைக்கு அவர் மூக்கு.

1934 பிப்ரவரி 3

ஊரில் என் பெயர் பெரிதாகிவிட்டது. எவன் இரண்டாவது கல்யாணத்துக்கு நின்றாலும் வீட்டில் இருப்பவளிடம், "நூர்ஜான் கட்டலையா?" என்கிறார்களாம். சபூராதான் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். நல்ல பெயர் எடுத்தேன் போ.

1935 ஜூன் 6

அரிசி வியாபாரி ஷேக் அலாவுதீன் ரோஹானாவைப் பெண் கேட்டிருக்கிறார். அவருக்கு ஆசியா பீவி என்று மனைவி இருக்கிறாள். என் வீட்டுக்காரர் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, மறுபடியும் கை கழுவிக்கொண்டே என்னிடம் சொல்கிறார். தர்காவில் சொன்னது என்னாயிற்று என்று கத்தினேன்.

"நீயே உன் கையால கட்டிவிட்டவதானே? ஊரே உன்னை மெச்சுது. இப்ப உன் மகளுக்குன்னா மட்டும் கசக்குதா? சுடாலா, போதும் விடு, முடிஞ்ச பேச்சு."

மகளுக்காக நான் கட்டிய முடிச்சைக் காட்டித்தான் அவளையே கொடுக்கப் போகிறார்.

ஜூன் 7

ரோஹானாவிடம் போனேன். பெண் சம்மதிக்காமல் நிக்காஹ் இல்லை, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தலை வாரிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு நீங்க வேண்டாம்னு சொன்னீங்களா உம்மா?"

உனக்காகத்தான் கட்டினேன், தர்காவில் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கட்டினேன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். சீப்பில் இருந்த முடியை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் சொல்லாமல் இப்போது சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்?

ஆகஸ்ட் 11

நிக்காஹ் முடிந்தது. ரோஹானா வேண்டாம் என்று சொல்லவில்லை.

அலாவுதீனுக்கும் தாய் இல்லை, உடன்பிறந்தவர்கள் அக்கரையில். ஆசியா பீவியைக் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார்கள். என்ன சொல்லிக் கூட்டிவந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

என் மகள் பிடரி மயிரை ஒதுக்கிக் கொடுத்தாள். ஆசியா பீவி யார் முகத்தையும் பார்க்காமல் கட்டினாள். என்ன பொறுமை என்று பெண்கள் ஆரம்பித்தார்கள். நான் அவள் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே சுற்று. இறுக்கவில்லை.

நிமிர்ந்தபோது ஆசியா பீவி நேராக என்னைத்தான் பார்த்தாள். நான் கவனித்துவிட்டது அவளுக்குத் தெரிந்துவிட்டது. இறுக்கிக் கட்டு என்று சொல்ல எனக்கு ஏது வாய்?

எழுந்து போய் அவளுக்கு ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள்.