ஆற்றுக்குப் போய்த் திரும்பிய அரசமரம்

உ

தச்சநல்லூர்
25-6-1996

அன்பு மகள் சித்ரலேகாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. தாய் காந்திமதியம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். பரோடாவில் நீயும் பேத்தி வேணியும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். எப்போதும் மாப்பிள்ளை பெயரை முதலில் எழுதிப் பழகிய கை, இந்தத் தடவை கொஞ்ச நேரம் காகிதத்தின் மேலேயே நின்றுவிட்டது.

உன் கடிதம் கிடைத்தது. அவர் தனியே போய் ஒரு வருஷமாகிறது, இனிச் சேர்ந்து இருப்பதற்கில்லை என்று எழுதியிருந்தாய். போன தீபாவளிக்கு அவருக்கு எடுத்த சட்டையின் நிறத்தைக்கூட எழுதினாயே அம்மா, அதைத் தெருவில் எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டினேன் தெரியுமா. இவ்வளவையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படிச் சோறு இறங்கியது உனக்கு. போனில் பேசலாம் என்று அப்பா கூப்பிட்டார்கள். எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்கிறவர்கள் காதெல்லாம் உள்ளேதான் இருக்கும், எனக்கு அழுகை வேறு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்ற படிப்பு, பிழை இருந்தால் வேணியைத் திருத்தச் சொல். அவள் தமிழில் தன் பெயர் எழுதி அனுப்பிய காகிதம் சாமி படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ‘ணி’ எவ்வளவு அழகு.

கடைசியில், மொட்டைமாடி மரத்தையும் தூக்கிப் போட்டுவிடு, ஊருக்கு வரமாட்டேன், வந்தாலும் அதைப் பார்க்க முடியாது என்று எழுதியிருந்தாய். உன் கல்யாணத்தில் மணவறைக்கு அரசாணிக்காலாக நட்ட அரசங்கொம்புதானே அது. துளிர்த்தால் பெண் நன்றாக வாழ்வாள் என்பார்கள், நட்டு வைக்க நமக்கு ஒரு முழ மண் இல்லை என்று தொட்டியில் வைத்தேன். துளிர்த்த அன்று தெருவுக்கே பாயசம் கொடுத்தேன். பிறகு பக்கத்து வீட்டு யூனிஸ் டீச்சர்தான் வேரை நறுக்கி ஆழமில்லாத தட்டில் மாற்றி, கம்பி சுற்றி வளைத்து, முழ உயரத்தில் கிழட்டு மரம் மாதிரி நிற்க வைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். பாளையங்கோட்டைப் பூக்காட்சியில் முதல் பரிசு வாங்கினேனே. ஆனால் அங்கே மூன்று நாள் கூரைக்குக் கீழே இருந்ததற்கே பாதி இலை கொட்டிவிட்டது. வெயிலும் மழையும் மேலே பட்டால்தான் அது இருக்கும்.

விஷயம் தெரிந்து நீலாம்பாள் அத்தை வந்தாள். “ஏளா, அதுக்கு இன்னுமா தண்ணி ஊத்துதே? ஆத்துல கொண்டு விட்டுருளா” என்றாள். நீயும் அப்படியே எழுதியிருக்கிறாயே என்று வெள்ளிக்கிழமை காலையில் ஆட்டோ பிடித்துக் குறுக்குத்துறை ஆற்றுக்குக் கொண்டுபோனோம். நான் படியில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்பா தட்டோடு தண்ணீருக்குள் இறங்கினார்கள். வெகுநேரமாகியும் தட்டு விழுகிற சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால், தினமும் வாளியில் வைப்பது போலவே தட்டை முக்கிப் பிடித்துக்கொண்டு, மண்ணிலிருந்து குமிழி வந்து நிற்கிற வரைக்கும் நிற்கிறார்கள். பிறகு தூக்கிக்கொண்டு மேலே வந்து, “தண்ணி காட்டியாச்சு, வா போவோம்” என்றார்கள். வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள், ஆற்றுத் தண்ணீர் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், வளைப்பதற்குச் சுற்றிய கம்பி ஒரு கொப்பில் பட்டைக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. இலை மறைத்ததில் யார் கண்ணிலும் படவில்லை, எல்லோரும் அழகைத்தான் பார்த்தோம். இழுத்தால் பட்டை உரிந்துவிடும் என்று டீச்சர் துண்டு துண்டாக நறுக்கிப் பைய எடுத்தார்கள். வடு போகுமா என்று கேட்டேன். “போகாதுக்கா, பருக்கப் பருக்க மங்கும்” என்றார்கள். இனி அதற்குக் கம்பி கிடையாது, எப்படி வளர்கிறதோ வளரட்டும். வருகிறவர்கள் பார்க்க மாடிப்படிக்கு மேலே வைத்திருந்ததைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மாற்றிவிட்டேன், சாரல் அங்கே நன்றாக விழுகிறது.

ஊர் என்ன சொல்லுமோ என்றுதான் வரமாட்டேன் என்கிறாய். அத்தை பேசுவாள், பேசட்டும், அவள் வாய்க்கு நான் இருக்கிறேன். மரத்தைப் போட வேண்டும் என்றால் நீ வந்து போடு, எங்கள் இரண்டு பேருக்கும் கை வரவில்லை. வருகிற வரைக்கும் தண்ணீர் ஊற்றுவேன்.

நெல்லையப்பர் உன்னையும் குழந்தையையும் கைவிடமாட்டார். தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. புறப்படும்போது வேணியின் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்க மறந்துவிடாதே, இங்கே டீச்சர் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் வழியைப் பார்த்திருக்கும் அம்மா,
தி. பிரம்மநாயகி