கால் பெல்ட்

மார்ச் 3

தம்பிக்கு அண்ணி எழுதுவது.

பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போகிறார்கள். அந்த மட்டில் நலம். நீ நலமா என்று கேட்க இப்போது மனசு வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு மலை உச்சியில் நினைவுக்கல் வைக்கப் போகிறீர்களாமே. “பயணியைக் காத்துத் தன்னை மறந்தவர்” என்று வெட்டுவார்களாம். உங்கள் முதலாளி போனில் படித்துக் காட்டி, “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டார். நான் போனை வைத்துவிட்டேன்.

அவர் யாரையும் காக்கவில்லை தம்பி. இரண்டு பேர் பறக்கிற பாராசூட்டில் பயணிக்கு எல்லாம் மாட்டிச் சரிபார்த்தார். தன்னைப் பாராசூட்டோடு பிணைக்கிற கால் பெல்ட்டை மாட்ட மறந்துபோனார். சரிவில் ஓடி, கால் தரையை விட்டதும் நழுவி விழுந்தார். பயணி மரத்தில் சிக்கிப் பிழைத்தார், நன்றாக இருக்கட்டும். அதற்காக மறதிக்குத் தியாகம் என்று பெயர் வைப்பதா? தன்னை மறப்பது பெருமை என்று கல்லில் வெட்டினால், நாளைக்கு வருகிற பைலட்டும் அதைத்தானே படிப்பான்?

எனக்குக் கல் வேண்டாம். கிளம்பும் முன் பயணி தன் பைலட்டின் கால் பெல்ட்டை இழுத்துப் பார்க்கட்டும். அதை வழக்கமாக்குங்கள்.

அண்ணி

மார்ச் 11

அண்ணிக்கு,

கல் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். ஆனால் நீங்கள் கேட்கிற மற்றது நடக்காது. பறக்க வந்தவரிடம் போய், “என் பெல்ட்டைக் கொஞ்சம் பாருங்க சார்” என்றால் அவர் திரும்பி வண்டி ஏறிவிடுவார். முதலாளியும் அதையேதான் சொல்கிறார். நான் என்னுடையதை இரண்டு தடவை பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் வாருங்கள், நானே பத்திரமாகக் கூட்டிப் போகிறேன். பறந்து பார்த்தால் அண்ணன் ஏன் இந்த வேலையை விடவில்லை என்று புரியும்.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

நேற்று வந்தது பறக்கிற ஆசையில் இல்லை. அது உனக்கும் தெரிந்திருக்கும்.

பாராசூட்டைப் புல்லில் விரித்தாய். கயிறுகள் சிக்காமல் பிரித்துவிட்டாய். எனக்கு ஹெல்மெட் மாட்டி, பெல்ட்டை இறுக்கினாய். “ஓடுன்னா ஓடணும் அண்ணி. குதிக்கக் கூடாது, பாதியில உட்காரவும் கூடாது. கால் அந்தரத்துல இருந்தாலும் ஓடிக்கிட்டே இருங்க” என்றாய். எல்லாம் சரி. நான் உன் காலருகே குனிந்ததும் உன் முகம் போன போக்கு இருக்கிறதே!

“எல்லாரும் பாக்குறாங்க அண்ணி.”

“பாக்கட்டும். உன் பொண்டாட்டியையும் கூப்பிடு, அவளும் பாக்கட்டும்.”

இரண்டு காலிலும் இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. அடுத்துப் பறக்க நின்ற பல் டாக்டரம்மா, “ஓ, இதையும் பாக்கணுமா?” என்று தன் பைலட்டின் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். யாரும் வண்டி ஏறவில்லை.

மேலே போனதும் நான் அழுதேன். காற்று பட்டுக் கண் கலங்குகிறது என்று நினைத்து, “கண்ணாடி கொடுத்திருக்கணும்” என்றாய். காற்று இல்லை தம்பி. அந்தப் பெல்ட்டை இழுத்துப் பார்க்க ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. உன் அண்ணன் விழுந்த அன்றைக்கு அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருத்தருக்கும் கை நீளவில்லையே.

உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அண்ணி