குணசுந்தரி அக்காவுக்கு வந்த கடிதங்கள்

4 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

என் வலைப்பூவில் பதினோரு பதிவு எழுதியாயிற்று. ஒரு பின்னூட்டம்கூட இல்லை.

எல்லோரும் வீடியோ பக்கம் போன பிறகும் முப்பது முப்பத்தைந்து பேர் இன்னும் தமிழில் வலைப்பூ எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, கிண்டல் பண்ணி, பிறந்த நாளுக்கு வாழ்த்தி, ஒரு குடும்பம் மாதிரி இருக்கிறார்கள். முதல் பின்னூட்டத்துக்கு அங்கே 'போணி' என்று பேர். யார் பதிவு போட்டாலும் "போணி நான்தான்" என்று ஒருவர் ஓடி வருவார். என் கடைக்கு மட்டும் போணி ஆவதில்லை.

அவர்களைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? நான் யார் வாசலையும் மிதித்ததில்லையே. இன்று காலையிலிருந்து ஸ்ரீப்ரியாவின் பதிவுக்கு நாலு வரி எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். ஸ்ரீப்ரியா திருவள்ளூர்க்காரர். மாமனார் ராமபத்ரன் கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். பெருமாளுக்குப் படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாதாம். அதனால் அந்த ருசி பார்க்கும் ஆசையை எல்லாம் வீட்டுச் சமையலில் தீர்த்துக்கொள்கிறார் என்று எழுதியிருந்தார். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். சிரித்தேன் என்று எழுத நாலு வரி. அதுவும் முடியவில்லை.

அறைத்தோழி சுமலதா பார்த்துக்கொண்டே இருந்தாள். "இன்னா பூமிகா, காலைலர்ந்து போனையே மொறச்சிக்கினு கீற? கேட்டா பதில் சொல்ல மாட்டியா, வாயில இன்னா கொழுக்கட்டையா?"

சிரித்து மழுப்பினேன். எனக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

பன்னிரண்டாவது பதிவு. போணி இல்லை.

11 ஆகஸ்ட், ஞாயிறு

ஒரு காரியம் செய்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

புதிதாக ஒரு மின்னஞ்சல் முகவரி. பெயர் குணசுந்தரி. வயது ஐம்பத்திரண்டு. புதுவாயல் கூட்ரோட்டில் டிபன் கடை. படத்துக்கு ஒரு சாமந்திப் பூ. கம்பெனி பஸ்ஸில் தூங்குகிறவர்களைப் பற்றி நான் எழுதிய பதிவுக்கு இந்த அம்மாள் வந்து போணி செய்தாள்: "ஏம்மே, பஸ்ல தூங்குறவன் வாயில ஈ போறத உட்டுடாம பாத்துக்கினு வந்து எழுதற. ஊட்ல சோறு பொங்குனியா இல்லியா?"

ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் வந்துவிட்டார்கள். "யாரம்மா நீங்க, இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க?" என்று அவளைக் கேட்டார்கள். அவளைத்தான்.

15 ஆகஸ்ட், வியாழன்

கம்பெனி லீவு. குணசுந்தரி அக்கா எட்டு வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். எங்கே போனாலும் சிரிப்பு, வரவேற்பு. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற துளசிராமன் ஐயா, "அக்கா வந்தால்தான் பந்தி களைகட்டுகிறது" என்கிறார். அவருக்கு அறுபத்தைந்து வயது. அவருக்கும் அவள் அக்கா!

துணிந்து என் பெயரிலும் ஓர் இடத்தில் "நன்றாக இருந்தது" என்று எழுதினேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. அதே இடத்தில் ஐந்து நிமிடம் கழித்து அக்கா வந்தாள். ஒன்பது பதில்கள்.

நான் பெற்ற பிள்ளையிடமே நான் பொறாமைப்படுகிறேன்.

2 செப்டம்பர், திங்கள்

ஸ்ரீப்ரியாவிடமிருந்து கடிதம். மூன்று பக்கம் வரும். அக்காவுக்கு.

ஊரைச் சிரிக்க வைக்கிறவர் வீட்டில் சிரிப்பே இல்லையாம். கணவர் நாராயண் நாலு மாதமாக அவரோடு பேசுவதில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. தட்டு வைத்தால் சாப்பிடுகிறார், எழுந்து போகிறார். "ஒரே ஆத்துல நான் இருக்கேனா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துடுத்து அக்கா. திட்டினாக்கூடத் தேவலை. யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்க எழுத்தைப் பார்த்தா உங்ககிட்ட சொல்லலாம்னு தோணித்து" என்று எழுதியிருந்தார்.

அழுதேன். அவருக்காகத்தான் என்று சொன்னால் பாதிப் பொய். பிறந்ததிலிருந்து எனக்கு யாரும் இப்படி ஒரு கடிதம் எழுதியதில்லை. வந்த ஒன்றும் எனக்கு வந்ததில்லை.

பதில் எழுதினேன். அக்காவாகத்தான். வேறு எப்படி?

20 செப்டம்பர், வெள்ளி

இதுவரை ஏழு கடிதங்கள். அக்கா புத்தி சொல்கிறாள்: "அவரு பேசுவாருன்னு குந்திக்கினு இருக்காத. நீ மொதல்ல பேசு. சாம்பார்ல உப்பு கம்மியான்னு கேளு." சொல்வது யார்? ஃபேனைக் கொஞ்சம் குறைக்கிறாயா என்று சுமலதாவிடம் கேட்க எட்டு மாதமாக வாய் வராமல் போர்த்திக்கொண்டு படுக்கிறவள்.

ஸ்ரீப்ரியா கேட்டாராம். அவர் "ம்" என்றாராம். நாலு மாதத்துக்கு அப்புறம் ஒரு 'ம்'. என்ன சந்தோஷம் அந்தக் கடிதத்தில்! எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. விளக்குக்குக் கீழே ரப்பர் வளையங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டை உடைசலைப் பிரிப்பதுதான் என் வேலை. இரண்டு சொத்தையை நல்லதில் போட்டு, சூப்பர்வைசர் சந்திரமோகன் சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதுகூட வலிக்கவில்லை.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: "ஒரு ஞாயித்துக்கிழமை கிளம்பி உங்க கடைக்கு வந்துடறேன் அக்கா. நீங்களும் திருவள்ளூர் வந்தா ஆத்துக்கு வரணும். கோயில் குளத்துக்குத் தெற்கே ரெண்டாவது தெரு."

கால்வலி, கடை பாதி நாள் மூடியிருக்கும் என்று எழுதினேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டு.

29 செப்டம்பர், ஞாயிறு

எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

சோப்பு வாங்க கூட்ரோட்டுக்குப் போனேன். பெரியபாளையம் பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினார். பதிவில் இருக்கும் படத்தைவிட ஒல்லி. கையில் எவர்சில்வர் தூக்கு. ஸ்ரீப்ரியா.

ஒவ்வொரு டிபன் கடையாக ஏறி இறங்கினார். கேட்கிறார், அவர்கள் கையை விரிக்கிறார்கள், அடுத்த கடை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் மளிகைக் கடை வாசலிலேயே நின்றேன். கடைசியில் என்னிடமே வந்துவிட்டார்.

"ஏம்மா, இங்க குணசுந்தரின்னு ஒருத்தர் டிபன் கடை வெச்சிருக்காளே, உனக்குத் தெரியுமா? அவாளுக்குக் கால் வேற முடியலை. அக்காரவடிசல் பண்ணிண்டு வந்திருக்கேன்."

சொல்லியிருக்கலாம். நான்தான் என்று ஒரு வார்த்தை. திட்டியிருப்பார், அடித்துக்கூட இருப்பார். தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"பரவாயில்லைம்மா" என்றார். அரை மணி நேரம் பஸ்ஸுக்கு நின்றார். தூக்கைத் திரும்பவும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நானெல்லாம் மனுஷியா? இன்னா ஜென்மம் நான்?

1 அக்டோபர், செவ்வாய்

அக்காவுக்கு ஸ்ரீப்ரியா எழுதிய கடிதம், இரண்டே வரி. "அந்தப் பேர்ல அங்க யாருமே இல்லைங்கறா. நிஜத்தைச் சொல்லுங்கோ, நீங்க யார்?"

சொல்லிவிடப் போகிறேன். எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளை அனுப்பிவிடுவேன்.

2 அக்டோபர், புதன்

அனுப்பவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காலையில் என் பழைய பதிவு ஒன்றில் துளசிராமன் ஐயா ஒரு கேள்வி கேட்டிருந்தார். "பூமிகா, அந்தக் கம்பெனி பஸ் டிரைவருக்குக் கண் ஆபரேஷன் ஆனதா? பிறகு எழுதவே இல்லையே அம்மா." முதல் முறையாக ஒருவர் என்னைக் கேட்டார். என் பெயரைச் சொல்லி, நான் எழுதியதை ஞாபகம் வைத்து. உடனே "ஆகிவிட்டது ஐயா, இப்போது நன்றாகப் பார்க்கிறார். நீங்கள் கேட்டதே பெரிய சந்தோஷம். அன்புடன், பூமிகா" என்று எழுதி அனுப்பிவிட்டுப் பார்த்தால், மேலே சாமந்திப் பூ. அக்காவின் கணக்கிலிருந்து போயிருக்கிறது.

பத்து நிமிடத்தில் அழித்தேன். அழித்து என்ன? ஒவ்வொரு பின்னூட்டமும் எல்லோருக்கும் மின்னஞ்சலில் போய்விடும்.

மதியத்துக்குள் ஊர் கூடிவிட்டது. "தனக்குத் தானே போணி, தனக்குத் தானே கைதட்டல்" என்று ஒருவர். "எங்களை எல்லாம் முட்டாளாக்கிவிட்டாயே" என்று ஒருவர். துளசிராமன் ஐயா, "வருத்தமாக இருக்கிறது அம்மா" என்று மட்டும் எழுதினார். அதுதான் அதிகம் சுட்டது.

ஸ்ரீப்ரியா ஒன்றும் எழுதவில்லை. சாயங்காலம் பார்த்தேன். அவர் வலைப்பூவே இல்லை. மூடிவிட்டார்.

3 அக்டோபர், வியாழன்

பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை.

8 அக்டோபர், செவ்வாய்

நான்கு கடிதங்கள் என் பெயரில் ஸ்ரீப்ரியாவுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. இருக்குமா என்ன?

13 அக்டோபர், ஞாயிறு

சுமலதா என் தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "ஒரு வாரமா சோத்த பெசஞ்சிக்கினே கீற. இன்னா ஆச்சு சொல்லு. சொல்லாம நீ இந்த எடத்த உட்டு எழுந்துக்க முடியாது."

சொன்னேன். எல்லாவற்றையும். நடுவில் திக்கியது, அழுதது, அதெல்லாம் எழுத வேண்டாம். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"எட்டு மாசத்துக்கு மேல பக்கத்துலயே பட்துக்கினு கீறேன். நானா வந்து வந்து பேசனேன். என்னாண்ட பேச வாய் வரல, ஆனா இல்லாத ஒரு பொம்பளைய நீயே செஞ்சி அவளாண்ட பேசிக்கினு இருந்தியா?"

இவளுக்கும் வலிக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

தட்டைத் திரும்ப என் பக்கம் தள்ளிவிட்டு அவளே சொன்னாள்: "கடுதாசி எழுதறத உடு. நேர்ல போ. அந்தப் பொண்ணு மூஞ்சப் பாத்து சொல்லு."

20 அக்டோபர், ஞாயிறு

பெரியபாளையத்தில் பஸ் மாறித் திருவள்ளூர் போனேன். குளத்துக்குத் தெற்கே இரண்டாவது தெருவில் மூன்று முறை நடந்தேன். நான்காவது முறை ஸ்ரீப்ரியாவே கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் நெற்றி சுருங்கியது.

"நீ புதுவாயல் மளிகைக் கடையில நின்னுண்டு இருந்தவதானே?"

"நான்தான் பூமிகா" என்றேன். "நான்தான் அந்த அக்காவும்."

டப்பாவை வாசல்படியில் வைத்தார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். "பேரை மாத்திண்டு எழுதினதுகூட எனக்குப் பெரிசில்லை. எதிர்ல வந்து கேட்டேனே, தெரியாதுன்னு தலையை ஆட்டினியே. உள்ள ஒருத்தர் பேசாம என்னைக் கொன்னுண்டு இருக்கார்னு உனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சுண்டே நீயும் பேசாம நின்னே."

மன்னியுங்கள் என்று சொல்லத்தான் போனேன். வரவில்லை.

உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார்.

10 நவம்பர், ஞாயிறு

குணசுந்தரியின் கணக்கை அழித்துவிட்டேன். நடந்ததை எல்லாம் என் பெயரில் ஒரு பதிவாக எழுதினேன், ஸ்ரீப்ரியா பெயரையும் அவர் வீட்டு விஷயத்தையும் மட்டும் தவிர்த்து.

பின்னூட்டம் பூஜ்யம்.

24 நவம்பர், ஞாயிறு

பூஜ்யம்தான்.

8 டிசம்பர், ஞாயிறு

காலையில் ஒரு மின்னஞ்சல். என் பெயருக்கு.

"பூமிகா, நான் இப்போ காஞ்சிபுரத்துல எங்கம்மா ஆத்துல இருக்கேன். அவர் பேசிட்டார். ஏழு மாசம் கழிச்சு வாயைத் திறந்து சொன்ன முதல் வாக்கியம், நீ உங்காத்துக்குப் போயிடு. இங்க எல்லாரும் எனக்கு புத்தி சொல்றா. குணசுந்தரி அக்கா இருந்தா அவளுக்கு எழுதியிருப்பேன். அவளை நினைச்சா இன்னும் அழுகை வர்றது. அவ இல்லை. அதனால உனக்கு எழுதறேன்." கீழே ஃபோன் நம்பர்.

கம்பெனிக்குப் போகாத நாள். சுமலதா துணி அலசிக்கொண்டிருந்தாள். மொட்டை மாடிக்குப் போய் நம்பரை அழுத்தினேன். இரண்டு முறை மணி அடிக்கும் முன் நானே வைத்துவிட்டேன். மூன்றாவது முறை எடுத்துவிட்டார்.

"நான் பூமிகா பேசறேன்."

"ம்."

அக்காவாக இருந்தால் இந்நேரம் நாராயணை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பாள். ஸ்ரீப்ரியா அழுதுகொண்டே சிரித்திருப்பார்.

"எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியலங்க" என்றேன்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஒண்ணும் சொல்லாதே. சும்மா லைன்ல இரு" என்றார்.

இருந்தேன்.

நாற்பது நிமிடம் அழுதார். நானும் அழுதேன். சுமலதா ஈரத் துணியோடு மேலே வந்து, பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் காயப்போட்டுவிட்டுப் போனாள். காஞ்சிபுரத்துக்கு இங்கிருந்து எப்படிப் போவது என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.