போனில் சொல்ல வாய்வராத கட்டி

துங்காபி, சிட்னி
ஓகஸ்ட் 17

அன்புள்ள மகள் நிரூபாவுக்கு,

நீயும் மருமகன் சுபாங்கனும் ஒரு குறையுமில்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. நானும் இன்றைக்கு எழும்பி, தேத்தண்ணி வைத்துக் குடித்து, ஸ்டேசன்வரை நடந்துபோய் வந்து சுகமாகத்தான் இருக்கிறேன், அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மிச்சத்தை வாசிக்கும்போது நீ பதறக்கூடாது. ஞாயிறு தவறாமல் வீடியோவில் கதைக்கிற மனுசன் ஏன் கடதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை பிள்ளை, நாலு ஞாயிறு முயன்று பார்த்தேன், நாலு தரமும் கனடாவில் உங்கள் கல்கரியில் வெயிலோ மழையோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் நீ படித்த தமிழ் இதற்குப் போதும், எழுத்துக்கூட்டி ஆறுதலாக வாசி.

மே மாதம் ஒருநாள் குளித்துவிட்டுத் துடைக்கும்போது இடதுபக்க மார்பில் ஒரு வீக்கம் கையில் பட்டது, தொட்டால் நொந்தது. ஆம்பிளைக்கு அந்த இடத்தில் என்ன வரப்போகிறது என்று மூன்று கிழமை சும்மா இருந்தேன். அம்மா இருந்திருந்தால் நான் சேட்டுப் பொத்தான் பூட்டுகிற விதத்திலேயே கண்டுபிடித்து அன்றைக்கே இழுத்துக்கொண்டு போயிருப்பா. அவ போய் மூன்று வருசம், இந்த வீட்டில் என்னைக் கவனித்துப் பார்க்க ஆளில்லை. கடைசியில் பிரஷர் குளிசை வாங்கப் போன இடத்தில் டொக்டரிடம் வாய்விட்டேன், அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்தக் குளிசையாலும் சிலருக்கு இப்படி வீங்கும், எதற்கும் ஸ்கான் எடுப்போம் என்று வெஸ்ட்மீட் பக்கம் ஓரிடத்துக்குக் கடிதம் தந்தார். அங்கே போனால் கதிரைகள் முழுக்கப் பெண்கள், நான் ஒருத்தன்தான் ஆம்பிளை. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, மனைவிக்காகக் காத்திருக்கிறீர்களா என்று கேட்டா, நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. உங்கள் மனைவி நல்லாய் வருவா, பயப்படாதேங்கோ என்று அந்த மனுசி என் கையில் தட்டினா. கொஞ்ச நேரத்தில் மிஸ்டர் கதிர்காமநாதன் என்று கூப்பிட்டார்கள், நான் எழும்பவேண்டியதாய்ப் போய்விட்டது, அவவைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

உள்ளே ஸ்கான் செய்தது திருச்சிப் பக்கத்துப் பெண், லக்ஷ்மிப்ரியா என்று பெயர், உன் வயதுதான் இருக்கும். என் பெயரைப் பார்த்ததும் தமிழா அங்கிள் என்று கேட்டாள், எனக்கு ஒருபக்கம் ஆறுதல், ஒருபக்கம் மகள் வயதுப் பிள்ளைக்கு முன்னால் சேட்டைக் கழற்றவேண்டுமே என்று வெட்கம். அவள் அதை விளங்கிக்கொண்டு துவாயால் மூடி, ரெண்டு பக்கமும்தான் பார்ப்போம் அங்கிள், அதான் வழக்கம் என்றாள். இடதுபக்க வீக்கத்தைப் பார்த்து முடித்துவிட்டு வலதுபக்கம் போனவள் ஓரிடத்தில் கையை நிறுத்திவிட்டாள். அங்கே எனக்கு நோவும் இல்லை, எதுவும் தட்டுப்படவும் இல்லை. இனி இன்னொரு விதமா அளக்கப்போறேன், கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அசையாம இருங்க என்றாள். சாதாரண ஸ்கான் கட்டியின் உருவத்தைத்தான் காட்டுமாம், இது சதைக்குள் ஒரு சின்ன அலையை அனுப்பி அது எவ்வளவு வேகமாய் ஓடுகிறதென்று பார்க்குமாம், மெத்தென்ற இடத்தில் மெதுவாய்ப் போகும், இறுகின இடத்தில் விரைவாய்ப் போகும். நான் அமத்தவே கூடாது அங்கிள், அமத்தினா நல்ல சதையும் இறுகினது மாதிரி காட்டிடும் என்று அந்தக் கருவியைத் தோலில் பட்டும்படாமல் வைத்தாள். திரையில் இடதுபக்கத்து வீக்கம் நீலமாய் இருந்தது, வலதுபக்கத்தில் ஒரு கடலை அளவுக்குச் சிவப்பு. எனக்கு நிறத்தைவிட அதன் பக்கத்திலிருந்த இலக்கம்தான் கண்ணில் பட்டது, இடதுபக்கம் இருபதுக்குக் கிட்ட, வலதுபக்கம் நூற்றி நாற்பதுக்கு மேலே. முப்பது வருசம் கொங்கிரீட் லாபில் இறுக்கம் அளந்தவன் அல்லவா நான், அங்கே இலக்கம் கூடினால் பாஸ் என்று கையெழுத்து வைப்போம். இங்கே கூடினது கெட்டதா பிள்ளை என்று கேட்டேன். இறுக்கமா இருக்கிறது எல்லாமே கான்சர் இல்ல அங்கிள், எந்த இடத்துல ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்க்கணும்னு இது சொல்லுது, டாக்டர் வந்து பேசுவார் என்று சொல்லிவிட்டு, ஜெல்லைத் துடைக்கும்போது, கூட யாராவது வந்திருக்காங்களா என்று கேட்டாள். நான் கார் தரிப்பிடத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு பொய் சொன்னேன்.

நோகிற இடம் குளிசையால் வந்த வீக்கம், பயமில்லை. நோகாத இடம்தான் கான்சர். ஊசியால் சதை எடுத்துச் சோதித்து ஒரு கிழமையில் உறுதியாய்ச் சொல்லிவிட்டார்கள். ஜூலையில் ஒப்பரேசன் செய்து வலது மார்பை எடுத்துவிட்டார்கள், கக்கத்துக்குள்ளும் பரவவில்லை, இனிக் குளிசைதான், ஐந்து வருசம். சிறிசு, வேளைக்குப் பிடித்துவிட்டோம் என்று சேர்ஜன் கைகொடுத்தார். ஒப்பரேசன் அன்றைக்கே வீட்டுக்கு விடுகிறதென்றால் கூட்டிக்கொண்டு போகவும் மறுநாள்வரை கூட இருக்கவும் ஒரு ஆள் வேண்டுமென்று படிவத்தில் கேட்டிருந்தது. உன் பெயரை எழுதினேன், பிறகு வெட்டினேன். சிட்னி முழுக்கத் தமிழ்ச் சனம், கோவிலுக்குப் போனால் ஐம்பது பேர் கையெடுத்துக் கும்பிடுவார்கள், அந்தக் கோட்டில் எழுத ஒரு பெயர் இல்லாமல் ரெண்டு நாள் அந்தப் படிவம் குசினி மேசையில் கிடந்தது. பிறகு மேல்மாடி பழனிசாமியின் கதவைத் தட்டினேன். ஆறு வருசமாய் லிப்ட்டில் தலையாட்டுகிற பழக்கம் மட்டும்தான். நான் சொல்லி முடிக்கமுதல், எத்தனை மணிக்குங்க போகணும் என்று கேட்டார், வேறொன்றும் கேட்கவில்லை. அந்த மனுசன் லீவு போட்டு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய், கூட்டிக்கொண்டு வந்து, மறுநாள் பின்னேரம்வரை இங்கே இருந்தார், அவர் மனைவி பத்மா ஒரு கிழமைக்கு ரசமும் சோறும் அனுப்பினா. அடுத்த ஞாயிறு நீ ஏன் அப்பா வீட்டுக்குள்ளே ஜாக்கெட் என்று கேட்டாய், குளிர் என்றேன், உள்ளே நீர் வடிகிற குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. மெலிஞ்சிட்டீங்கள் என்றும் சொன்னாய், நடக்கிறேன் என்றேன். மன்னித்துக்கொள்.

இதெல்லாவற்றையும் சொல்லாமலே விட்டிருப்பேன், உண்மையாகத்தான் சொல்கிறேன். ஆனால் ஆம்பிளைக்கு இது வந்தால் பரம்பரையில் இருக்கக்கூடும் என்று கான்சருக்குப் பார்க்கிற லேடி டொக்டர் சொல்லி, உங்கள் குடும்பத்தில் பெண்களுக்கு வந்ததா என்று கேட்டா. இல்லை என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் என் அக்கா சத்தியபாமாவின் நினைவு வந்தது. உனக்கு அந்த மாமியைத் தெரியாது, நாற்பத்தொரு வயதில் சாவகச்சேரியில் செத்தா. ஏதோ நோய், வருத்தம் என்றுதான் வீட்டில் சொன்னார்கள், என்ன வருத்தம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை, ஒரு வருசமாய் அவ நெஞ்சைத் துணியால் சுற்றி மறைத்துக்கொண்டு திரிந்ததை மட்டும் நான் கண்டிருக்கிறேன். இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், என்னிடம் அந்தப் பரம்பரைப் பழுது இருக்கிறதாம், உனக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, இல்லாமலும் போகலாம். உன் மூக்கும் என்னுடையது, முன்கோபமும் என்னுடையது, அதற்கெல்லாம் நான் பெருமைப்பட்டிருக்கிறேன். இதையும் தந்துவிட்டேனோ என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அக்காவுக்குச் செய்ததை உனக்குச் செய்யமாட்டேன், அதனால்தான் பெயரைச் சொல்லி எழுதுகிறேன், மார்புப் புற்றுநோய்.

முருகன் உன்னைக் காப்பான், நூறு வயசு நல்லாய் இருப்பாய். அந்த லேடி டொக்டர் உனக்கென்று ஒரு கடிதம் தந்திருக்கிறா, இதோடு வைத்திருக்கிறேன், அதைத் துலைக்காமல் உங்கள் டொக்டரிடம் கொடுத்து இரத்தச் சோதனைக்கு நாள் எடு. சுபாங்கனைக் கூட்டிக்கொண்டு போ, தனியாய்ப் போகாதே. என்னோடு கோபமென்றால் கோபப்படு, ஆனால் வாசித்த கையோடு போன் எடு, இங்கே எத்தனை மணி என்று பார்க்காதே.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா
வ. கதிர்காமநாதன்